கம்ப்யூட்டருக்குத் தெளித்த தீர்த்தம்

உப்பு இரும்பைத் தின்னும். தூத்துக்குடியில் இதைப் பள்ளிக்கூடம் போய்ப் படிக்க வேண்டியதில்லை. வீட்டு ஜன்னல் கம்பியைப் பார்த்தால் போதும். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். இதை எழுதி முடிக்கவே பல நாள் பிடித்தது. ஆனால் உப்பைப் பற்றி எனக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டாம் என்று இந்தக் கடற்கரையில் எவரிடமும் மார்தட்டுவேன். அப்படிப்பட்ட நான்தான், என் மகன் மூன்று மாதம் உட்கார்ந்து திட்டம் போட்ட கம்ப்யூட்டரை உப்புத் தண்ணீர் ஊற்றிக் கொன்றேன்.

மற்றவர்கள் வாலிபத்தில் செய்த கிறுக்குத்தனத்தை எழுதுவார்கள். நான் அறுபத்தாறு வயதில், பட்டப்பகலில், முழுப் புத்தியோடு செய்தேன். (புத்தி முழுதாக இருந்ததா என்று என் மகள் ஸ்டெல்லாவைக் கேட்டால் வேறு பதில் வரும்.)

என் மகன் ஜெரோம் சங்கு குளித்தவன். வள்ளத்தில் கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து வரும் குழாயை வாயில் கவ்விக்கொண்டு ஆழத்துக்கு இறங்குவான். ஒருநாள் அவன் கீழே இருக்கும்போது கம்ப்ரசர் நின்றுவிட்டது. மூச்சுக்குத் தவித்து ஒரேயடியாக மேலே வந்தான். அந்த வேகத்தில் காற்று ரத்தத்துக்குள் கொப்புளம் கொப்புளமாகிவிட்டது என்றார் டாக்டர். இடுப்புக்குக் கீழே எல்லாம் போயிற்று. அப்போது அவனுக்கு முப்பத்தொரு வயது.

அதன்பின் இரண்டு வருடம் அவன் என்னிடம் பேசியதை எல்லாம் ஒரு தீப்பெட்டி முதுகில் எழுதிவிடலாம்.

"சாப்பிடுதியாலே?"

"ம்."

"வலிக்காய்யா?"

"ம்."

"ஃபேனக் கூட்டட்டா?"

"ம்ம்."

(ஒரு 'ம்' என்றால் ஆமாம், இரண்டு என்றால் வேண்டாம். வலிக்கிறதா என்று கேட்டதற்கு ஒரு நாளும் இரண்டு வந்ததில்லை.)

கம்ப்யூட்டர் வந்த பிறகுதான் அந்த அறைக்குள்ளிருந்து குரல் வெளியே வந்தது. காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு மதுரைக்காரன் ஒருவன், கோயம்புத்தூர்க்காரன் ஒருவன், கொழும்பில் ஒருவன், துபாயில் ஒருவன் என்று நாலு பேரோடு துப்பாக்கி விளையாட்டு விளையாடினான். அந்த நாலு பேரும் அவனை 'அண்ணாச்சி' என்பார்கள். அவன் சொல்கிறபடிதான் ஓடுவார்கள், ஒளிவார்கள். ஒருவரும் அவன் முகத்தைப் பார்த்ததில்லை. அவன் காட்டவில்லை.

ஒருநாள் டீ கொண்டுபோனவள் திரையைப் பார்த்தேன்.

"இதுல நீ யாருலே?"

"அந்தா மதில் ஏறிக் குதிச்சு ஓடுதாம்லா, அவன்."

டீயை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய் வெங்காயம் உரித்தேன். அன்றைக்குச் சமையலில் வெங்காயம் தேவையே இல்லை.

அந்த ஓட்டத்துக்கும் ஒரு தடை வந்தது. எங்கள் வீட்டு மேல்கூரை ஆஸ்பெஸ்டாஸ். வெயில் ஏறினால் உள்ளே பனங்கிழங்கு அவிக்கலாம். ஏசி போட்டால் ஜெரோமின் கால்கள் குளிரில் முறுக்கிக்கொண்டு இழுக்கும். ஆகவே கம்ப்யூட்டர்தான் வெந்தது. விளையாட்டு நடுவில் சூடேறிப் படுத்துவிடும். உள்ளே இருந்த ஃபேன்களோ கடல்காற்றை இழுத்து இழுத்து ஆணிகளைத் துருப்பிடிக்க வைத்தன. அந்த ஐந்து பேரும் ஒரு போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தார்கள். அண்ணாச்சி நடுவில் படுத்துவிட்டால் எல்லோரும் போச்சு.

ஒருநாள் காலையில் ஜெரோம் அடுக்களை வாசல்வரை சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான். அங்கே அவன் வந்து மாதக்கணக்காகியிருந்தது.

"எம்மா, அப்பா எஞ்சின்ல தண்ணி எப்படி ஓடும்னு உனக்கு ஞாபகம் இருக்கா?"

எனக்கா ஞாபகம் இல்லை? என் வீட்டுக்காரர் வைத்திருந்தது வள்ளத்தின் பின்னால் தொங்கும் எஞ்சின். (அவர் போனது கடலில் இல்லை, சர்க்கரை வியாதியில். அதிலும் அவர் குறைப்பட்டுக்கொண்டார்.) அது கடல்நீரை உறிஞ்சித் தன்னைக் குளிரவைத்துக்கொண்டு, பின்பக்கம் ஒரு சிறு ஓட்டை வழியாகப் பீச்சும். அந்தப் பீச்சல் நின்றால் உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும். கரைக்கு வந்ததும் எஞ்சினைக் கழற்றி, டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி, அதற்குள் ஓடவிட்டு உப்பைக் கழுவ வேண்டும். கழுவினவள் யார்? நான்.

எல்லாவற்றையும் சொன்னேன். கேட்காததையும் சொன்னேன். இரண்டு வருடம் அடைத்துக் கிடந்த குழாய் திறந்த மாதிரி சொன்னேன்.

அவன் திட்டம் இதுதான். கம்ப்யூட்டருக்குள் அதிகமாகச் சுடுகிற இரண்டு இடங்களின் மேலும் செம்புக் கட்டி பொருத்தி, அதற்குள் தண்ணீரை ஓடவிட வேண்டும். சூடேறிய தண்ணீர் குழாய் வழியாக ஒரு ரேடியேட்டருக்குப் போய் ஆறி, கண்ணாடித் தொட்டிக்குத் திரும்பும். அங்கிருந்து ஒரு சின்ன பம்ப் அதை மறுபடி தள்ளும். கடையில் ரெடியாக விற்பதை வாங்கிப் போட அவனுக்கு மனமில்லை. ஒவ்வொரு குழாயையும் தானே அளந்து வளைக்க வேண்டும் என்றான். பழைய நாள்காட்டித் தாள்களின் பின்பக்கம் முழுக்க வரைந்தான். அளக்க என் தையல் டேப்பை எடுத்துக்கொண்டான். பொருள் வாங்க அவன் விற்றது என்ன தெரியுமா? சங்கு குளிக்கையில் மாட்டும் முகக் கண்ணாடியையும், கால் துடுப்பையும், அந்தக் கம்ப்ரசரையும்.

தினமும் மத்தியானம் எனக்கும் அவனுக்கும் ஆலோசனைக் கூட்டம் நடக்கும்.

"தொட்டி பம்புக்கு மேல இருக்கணும்மா. தண்ணி இல்லாம பம்பு ஓடுனா செத்துரும்."

"இது எனக்குத் தெரியாதாக்கும். உங்கப்பா ஒருதடவ மணல்ல வச்சு ஓட்டி ரப்பரக் கருக்குனாரே."

"ரேடியேட்டர் அலுமினியத்துல வாங்கக் கூடாது. செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணில கெடந்தா ஒண்ண ஒண்ணு தின்னுரும்."

"நானும் உங்க அத்தையும் ஒரே வீட்ல கெடந்த மாதிரி."

சிரித்தான். அந்த நாலு பேரிடம் சிரிக்கிற அதே சிரிப்பு. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வேகத்தில்தான், "பேசாம ஒரு குடம் கடத்தண்ணி கொண்டாந்து ஊத்துனா என்ன? எஞ்சினுக்கு அதானே ஊத்துனோம்?" என்று கேட்டேன்.

"உப்புப் பட்டா போச்சும்மா. இதுக்குன்னே காய்ச்சி வடிச்ச தண்ணி இருக்கு. அதுல உப்பும் கெடையாது, ஒண்ணும் கெடையாது."

"சும்மா சோதிச்சுப் பாத்தேன்லே. எனக்கே உப்புப் பாடமா?"

மறுநாள் வரைபடத்தில் புதிதாக ஒரு சின்ன வட்டம் இருந்தது. குழாய்க்கு நடுவில் ஒரு குட்டிச் சக்கரம். தண்ணீர் ஓடினால் சுற்றும், நின்றால் நிற்கும். எஞ்சினின் பீச்சலைப் போல வெளியே இருந்தே பார்த்துக்கொள்ளலாம். அதன் பக்கத்தில் ஏதோ எழுதியிருந்தான். எழுத்துக் கூட்டி வாசித்தேன். 'அம்மா சொன்னது.'

அவ்வளவுதான். அந்த இரண்டு சொல்லில் நான் கெட்டேன். மீன் ஏலக்கூடத்தில் நின்று, "எம் மவன் கம்ப்யூட்டருக்கு எஞ்சின் வைக்கான், நாந்தான் ரோசனை சொல்லுதேன்" என்று சொன்னேன். பிறகு மாதா கோயில் வாசலில் சொன்னேன். பல் பிடுங்கப் போன இடத்தில், வாயில் பஞ்சோடும் சொன்னேன்.

எல்லாம் பொருத்தி முடித்த அன்று ஜெரோம் தொட்டியில் அந்த வடித்த தண்ணீரை நிரப்பினான். கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்காமல் பம்பை மட்டும் ஓடவிட்டான். ஒவ்வொரு மூட்டுக்கு அடியிலும், உள்ளே இருந்த சர்க்யூட் பலகைகளின் மேலும் டிஷ்யூ தாளை மடித்து வைத்தான்.

"நாளைக்கு இந்நேரம் வரைக்கும் ஓடட்டும்மா. தாள் நனையலன்னா ஒழுகலன்னு அர்த்தம். அதுவரைக்கும் யாரும் தொடாதீங்க."

'யாரும்' என்றுதானே சொன்னான். எஞ்சினுக்கு யோசனை சொன்னவளை 'யாரும்' கணக்கில் சேர்ப்பார்களா?

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவன் கண்ணயர்ந்தான். நான் அந்தச் சக்கரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழகாகச் சுற்றியது. ஆனால் மனசில் ஏதோ குறை. பிறகுதான் உறைத்தது: இன்னும் மந்திரிக்கவில்லையே!

எங்கள் பக்கம் புது வள்ளமோ புது எஞ்சினோ மந்திரிக்காமல் தண்ணீரில் இறங்காது. மாதா கோயில் சாமியார் வந்து தீர்த்தம் தெளிப்பார். பிறகு வீட்டுப் பெண் தன் கையால் எஞ்சினின் தலையில் கொஞ்சம் விட வேண்டும். எங்கள் முதல் எஞ்சினுக்கு என் மாமியார் விட்டார். பதினேழு வருடம் ஓடியது. கடைசியாக அந்தக் கம்ப்ரசரை மட்டும், இதற்கெல்லாம் எதற்கு என்று, ஜெரோம் மந்திரிக்காமல் வள்ளத்தில் ஏற்றினான். அது நின்றுபோனதைப் பற்றி நான் ஒரு நாளும் வாய் திறந்து பேசியதில்லை. ஆனால் மறந்ததும் இல்லை.

வீட்டில் ஜெபம் சொல்லும் பீடத்திலிருந்து மாதா பாட்டிலை எடுத்தேன். (மாதா உருவத்திலேயே பிளாஸ்டிக் பாட்டில், நீலக் கிரீடம்தான் மூடி.) ஈஸ்டருக்குக் கொண்டுவந்த தீர்த்தம். எங்கள் கோயிலில் மந்திரித்த உப்பும் தனியாகக் கொடுப்பார்கள். கூடுதல் பலன் கிடைக்கட்டுமென்று அதிலும் ஒரு பிடி அள்ளி நானே பாட்டிலுக்குள் போட்டு வைத்திருந்தேன்.

அது உப்பு என்று எனக்குத் தோன்றவே இல்லை. நாற்பது வருடம் எஞ்சினிலிருந்து உப்பைக் கழுவிய கைதான் அந்தக் கிரீடத்தைத் திருகியது. மந்திரித்துவிட்டால் அது வேறு பொருள். உப்பளத்தில் விளைவது உப்பு, இது ஆசீர்வாதம். இரும்புக்கும் செம்புக்கும் அந்த வித்தியாசம் தெரியாது என்று யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

தொட்டியின் மூடியைத் திறந்து ஒரு சொட்டு விடத்தான் சாய்த்தேன். மாதா பாட்டிலுக்குக் கழுத்து குறுகல். முதலில் வராது, பிறகு குபுக்கென்று வரும். தொட்டி வழிந்து, கீழே இருந்த பெரிய கருப்புப் பலகையின் மேல் ஓடியது. படம் காட்டுகிற பலகை அதுதான். இருந்ததிலேயே உசத்தியான பொருள்.

அந்த நேரத்தில் "ஏலே ஜெரோமு" என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. நான் சத்தம் போடவில்லை. முந்தானையால் ஒற்றி எடுத்தேன். தொட்டியை மூடினேன். நனைந்த தாள்களை உருவி மடியில் சொருகிக்கொண்டு, பெட்டியிலிருந்து புதுத் தாள் எடுத்து, அவன் மடித்த மாதிரியே மடித்து, அதே இடத்தில் வைத்தேன். எழுத்துதான் எனக்குச் சரியாக வராது. தடயத்தை அழிக்கிற வேலையில் நான் பட்டதாரி.

மறுநாள் ஒவ்வொரு தாளாக எடுத்து விரலால் தடவிப் பார்த்தான்.

"ஒரு சொட்டு ஒழுகலம்மா! ஒரு சொட்டு!"

"நான் சொன்னம்லா," என்றேன். (நாக்கு அழுகிப் போயிருக்க வேண்டும். போகவில்லை.)

ஸ்டெல்லாவையும் வரச் சொன்னான். நான் மக்ரூன் வாங்கி வைத்தேன். பட்டனை அமுக்கினான். பம்ப் முனகியது, சக்கரம் சுற்றியது, திரை வெளுத்தது. நாலு பேரும், "அண்ணாச்சி, ஓடுதா?" என்று கத்தினார்கள். அப்போது அவன் ஒன்று செய்தான். கேமராவை ஆன் பண்ணி, தண்ணீர்ப் பெட்டியைக் காட்டி, பிறகு மெதுவாகத் தன் பக்கம் திருப்பினான். முகத்தைக் காட்டினான். நாற்காலியைப் பின்னால் தள்ளிக் காலையும் காட்டினான்.

"நான் இப்படித்தாம்லே இருப்பேன்," என்றான்.

பிறகு மதுரைக்காரன், "அதெல்லாம் இருக்கட்டும் அண்ணாச்சி, குழாய இவ்வளவு நேரா எப்படி வளச்சீங்க?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ஜெரோமும் சிரித்தான். நான் சிலுவை போட்டுக்கொண்டு, எல்லாம் தீர்த்தத்தின் பலன் என்று நினைத்தேன்.

பத்து நிமிடம் விளையாடியிருப்பார்கள். கருகிய வாடை வந்தது. கருப்புப் பலகையிலிருந்து நூல் மாதிரி ஒரு புகை எழுந்தது. திரை அணைந்தது. நாலு பேருடைய சிரிப்பும் பாதியில் அறுந்தது.

"என்னலே ஆச்சு?" என்று ஸ்டெல்லா கத்தினாள்.

அவன் வயரைப் பிடுங்கிவிட்டு, தண்ணீரை வடித்து, பலகையைக் கழற்றி மடியில் போட்டுப் பார்த்தான். ஓரத்தில் வெள்ளையாய்ப் பூத்திருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தான்.

"கரிக்குது."

"கடக்காத்து," என்றேன்.

"ஒரு ராத்திரியில இவ்வளவு கடக்காத்தா?"

"இந்த வருசம் காத்து கூடத்தான்," என்றேன்.

ஸ்டெல்லா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளைப் பெற்றவள் நான். அந்தப் பார்வைக்கு அர்த்தம் தெரியும். நான் மக்ரூன் தட்டை மூடி வைக்கப் போனேன்.

போட்டிக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அந்த நாலு பேரும் வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டு ஆடினார்கள். தோற்றார்கள். ஜெரோம் திட்டத் தாள்களை மறுபடி விரித்து வைத்துக்கொண்டு, எந்த மூட்டில் பிழை என்று மூன்று நாள் தேடினான். இல்லாத பிழை எப்படி அகப்படும்? நாலாம் நாள் சோறு கொண்டுபோனேன். தாள்களையெல்லாம் இரண்டாகக் கிழித்துக்கொண்டிருந்தான்.

"ஏன்யா கிழிக்க?"

"எங்கையோ நான்தாம்மா சரியா முறுக்கல. காலு போயிட்டு, கையாவது இருக்குன்னு நெனச்சேன். கையும் சரியில்ல."

அவன் கிழித்துக்கொண்டிருந்த தாளில் அந்தக் குட்டிச் சக்கரம் இருந்தது. 'அம்மா' ஒரு பக்கமும் 'சொன்னது' மறுபக்கமும் போயிற்று.

நான் போய் மாதா பாட்டிலைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தேன். அன்று மடியில் சொருகிய, காய்ந்து சுருண்ட டிஷ்யூ தாள்களையும் வைத்தேன். எறிய மனம் வராமல் பெட்டிக்குள் வைத்திருந்தேன். விளக்கம் தேவைப்படவில்லை. அவன் கிரீடத்தைத் திருகி, ஒரு சொட்டு விரலில் எடுத்து, நாக்கில் வைத்தான்.

கிரீடத்தை மறுபடி திருகி மூடினான். பிறகு சொன்னான்.

"தீர்த்தம் ஊத்துனது கூடப் பெருசில்லம்மா. அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லிருந்தா, நல்ல தண்ணில கழுவிக் காயப் போட்டிருப்பேன். கரண்ட் இல்லாம கெடந்த பலகதான. பொழச்சிருக்கும்."

"சொல்ல வெக்கமா இருந்துச்சுய்யா."

"டிரம்முல எஞ்சின் கழுவுனவதானம்மா நீ?"

எத்தனையோ வசவு வாங்கியிருக்கிறேன். மாமியார் நாக்கு பெயர்போன நாக்கு. எதுவும் இதற்கு ஈடில்லை. அதன்பின் இருபத்துமூன்று நாள் எனக்கு 'ம்' கூடக் கிடைக்கவில்லை. ஸ்டெல்லா மட்டும் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசினாள். "ஏம்மா, மாதா பாட்டில இனிமே பூட்டி வைக்கவா, இல்ல உன்னப் பூட்டி வைக்கவா?"

அந்த நாலு பேர்தான் விடவில்லை. போனில் தினமும் கூப்பிட்டார்கள். கடைசியில் அவர்களிடம் நடந்ததைச் சொல்லியிருக்கிறான். அறைக்குள்ளிருந்து கொழும்புக்காரன் சிரிக்கிற சிரிப்பு அடுக்களை வரைக்கும் கேட்டது. அதற்குப் பின்னால், கொஞ்சம் தாமதமாக, ஜெரோமின் சிரிப்பும் கேட்டது. என்னைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்புத்தான். இருந்தால் என்ன, நான் அதை நின்று கேட்டேன்.

அடுத்த வருடம்தான் புதுப் பலகை வாங்க முடிந்தது. மறுபடி குழாய், மறுபடி வடித்த தண்ணீர், மறுபடி டிஷ்யூ தாள். பம்பை ஓடவிட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டான். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தன் நாற்காலிக்கு எதிரில் போட்டிருந்தான்.

"இங்கன உக்காரும்மா. என் கண்ணு முன்னாலயே இரு. கையக் காட்டு."

இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினேன். கை விரித்து நிற்கும் மாதா சுரூபம் மாதிரி.

"அப்படியே வச்சிக்க."

காலையிலிருந்து விளக்கு வைக்கிற நேரம் வரை உட்கார வைத்தான். சாப்பாடு ஸ்டெல்லா ஊட்டாத குறை. ஆனால் அன்று முழுக்க என்னோடு பேசினான். கம்ப்ரசர் நின்ற அந்த நாள், கீழே தண்ணீர் என்ன நிறத்தில் இருந்தது என்றுகூடச் சொன்னான். குட்டிச் சக்கரம் எங்கள் இருவருக்கும் நடுவில் சுற்றிக்கொண்டே இருந்தது.

கருகிய பழைய பலகை இப்போது பீடத்துக்குக் கீழே ஆணியில் தொங்குகிறது. அந்த நாலு பேரில் எவன் கம்ப்யூட்டர் படுத்தாலும், "அண்ணாச்சி அம்மா வந்துட்டுப் போனாங்களா?" என்றுதான் கேட்டுக்கொள்வார்களாம். என் வீட்டில் கேட்கவே வேண்டாம். புது மிக்சி வந்தாலும், இன்வெர்ட்டர் வந்தாலும், போன மாதம் ஸ்டெல்லா வீட்டுக்கு வாஷிங் மெஷின் வந்தபோதும், சுவிட்சைப் போடுமுன் எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள்:

"எம்மா, கையக் காட்டு."

நானும் இரண்டு கையையும் விரித்துக் காட்டுவேன். மடியைக் காட்டச் சொல்ல மட்டும் இன்னும் ஒருவருக்கும் தோன்றவில்லை.